2012 ஸ்விஃப்டில் 2014 கடைசி மாடல் முன் பம்பர்: உட்காருமா, என்னென்ன வேண்டும், எங்கே தப்பும்

கேள்வி இது: கும்பகோணத்தில் ஓடும் 2012 டீசல் ஸ்விஃப்ட். இரவில் மாடு குறுக்கே வந்து முன் பம்பரின் இடது மூலை கிழிந்து தொங்குகிறது. எப்படியும் பம்பர் மாற்றத்தான் வேண்டும். அதையே 2014 கடைசியில் வந்த புதுமுக பம்பராகப் போட்டுவிடலாமா? ஒரு பட்டறையில் "அப்படியே உட்காரும்" என்கிறார்கள், இன்னொரு பட்டறையில் "வெட்டி ஒட்டித்தான் போடணும்" என்கிறார்கள். எது சரி?

உட்காரும். வெட்ட வேண்டியதில்லை. வெட்டித்தான் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் வேறு மாடல் பம்பரை மனதில் வைத்துச் சொல்கிறார், இல்லையென்றால் உங்கள் வண்டியின் முன்பக்கம் முன்பே எங்கோ இடித்து வளைந்திருப்பதை அவர் கண் பார்த்துவிட்டது. இரண்டாவது காரணமாக இருந்தால் அவர் நல்ல மெக்கானிக். அவரிடமே வேலையைக் கொடுங்கள்.

ஏன் உட்காரும் என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த வண்டிக்கும் இந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். பம்பரின் மேல்விளிம்பு மூன்று சாமான்களைத் தொட்டு நிற்கிறது: நடுவில் பானட், இரு மூலையிலும் ஹெட்லைட், பக்கவாட்டில் ஃபெண்டர். நம் ஊரில் மட்கார்டு என்று சொல்கிறோமே, அதுதான் இந்த ஃபெண்டர். இந்த மூன்றும் மாறாமல் பம்பர் மட்டும் மாறியிருந்தால் புதியது பழையதில் உட்காரும். மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் உட்காராது, அல்லது அந்தச் சாமானையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ஸ்விஃப்டில் இரண்டாம் தலைமுறை 2011 ஆகஸ்டில் வந்து 2017 வரை ஓடியது. நடுவில் 2014 அக்டோபரில் முகம் மட்டும் மாற்றினார்கள்: பம்பர், கிரில், ஃபாக் லைட் சட்டம். பானட், ஃபெண்டர், ஹெட்லைட் குடம் மூன்றும் பழைய வடிவிலேயே நின்றன. உங்களுக்கு வழி திறந்திருப்பது அதனால்தான்.

இதே கணக்கில் மற்றவற்றையும் பாருங்கள். 2005 முதல் 2011 வரை வந்த முதல் ஸ்விஃப்டுக்கு இந்த பம்பர் வராது, ஹெட்லைட்டும் ஃபெண்டரும் வேறு. 2018 பிப்ரவரியில் வந்த மூன்றாம் ஸ்விஃப்டின் பம்பர் உங்கள் வண்டிக்கு வரவே வராது. அடித்தளமே புதிது, ஒரு போல்ட் ஓட்டைகூடப் பொருந்தாது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிசையர் வைத்திருப்பவர்களுக்கு 2012 பிப்ரவரி முதல் வந்த உடம்பும் 2015 பிப்ரவரியில் வந்த புதுமுகமும் இதே ஜோடி. டிசையரின் 2015 கிரில் வேறு என்பதால் பம்பரையும் கிரில்லையும் டிசையர் செட்டாகவே வாங்க வேண்டும். டிராவல்ஸ்காரர்கள் அதிகம் கேட்கும் இன்னோவா கதை வேறு. 2005 வண்டியை 2013 முகத்துக்கு மாற்றும்போது ஹெட்லைட் வடிவமே மாறிவிடுகிறது. அங்கே பம்பரை மட்டும் வாங்கினால் பணம் வீண்.

இனி சாமான் பட்டியல். "பம்பர் வாங்கிட்டேன்" என்று ஒரு பெரிய பிளாஸ்டிக்கைத் தோளில் தூக்கி வந்து, மாட்டும்போது இது இல்லை அது இல்லை என்று மூன்று முறை கடைக்கு ஓடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் கூத்து. பம்பர் தோல் (வெளியே தெரியும் பெரிய பிளாஸ்டிக்) ஒன்று, மேல் கிரில் ஒன்று, கீழ் வலை, இரு பக்க ஃபாக் லைட் சட்டம் (லைட் போடுவதாக இருந்தால் ஓட்டை உள்ளது, இல்லையென்றால் மூடியது), இழுவைக் கொக்கியின் சின்ன மூடி, நம்பர் பிளேட் அடித்தட்டு, சுசுகி எம்பளம். எம்பளத்தைப் பழைய கிரில்லிலிருந்து எடுக்கும்போது பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் முள் உடைந்துவிடும், புதிதாக வாங்கிவிடுங்கள். இவை போக, ஃபெண்டருக்கு அடியில் பம்பர் மூலையைப் பிடித்து நிற்கும் பக்கத் தாங்கி இரண்டு. உங்கள் வண்டியில் இடது மூலை அடிபட்டிருக்கிறது, அந்தப் பக்கத் தாங்கி கட்டாயம் உடைந்தோ விரிந்தோ இருக்கும். இரண்டையும் ஜோடியாக வாங்குங்கள், விலை குறைவு, பலன் அதிகம். கடைசியாக கிளிப்புகள்: நடுமுள்ளை அமுக்கினால் இறுகும் கறுப்பு புஷ் கிளிப் இருபது வாங்கி வையுங்கள். பத்து வருடம் ஓடிய வண்டியில் பழைய கிளிப் பாதிக்குமேல் கழற்றும்போதே நொறுங்கும்.

பம்பர் தோலுக்குப் பின்னால் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். மோதலைத் தாங்குவது அதுதான், பிளாஸ்டிக் வெறும் சட்டை. அந்தச் சட்டத்தை மாற்றவும் வேண்டாம், புது பம்பர் இடிக்கிறது என்று யாராவது கட்டரை எடுத்தால் விடவும் வேண்டாம். நேரான வண்டியில் இடிக்காது. இடித்தால் சட்டம் உள்ளே தள்ளியிருக்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது என்று பொருள். அதை இழுத்து நேராக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வளைந்த சட்டத்தோடு பம்பரை அழுத்தி மாட்டினால் ஆறு மாதத்தில் பம்பரின் காது, அதாவது ஸ்க்ரூ ஏறும் ஓர நீட்டல், ஒடியும்.

எங்கே வாங்குவது? கம்பெனி உதிரிபாகக் கடையில் உங்கள் வண்டி நம்பரைச் சொல்லாதீர்கள், சொன்னால் கணினி 2012 பம்பரைத்தான் காட்டும். "2015 அல்லது 2016 ஸ்விஃப்ட் முன் பம்பர்" என்று கேளுங்கள். காயலான் கடைக்குப் போவதானால் சென்னை புதுப்பேட்டை, கோயம்புத்தூர் உக்கடம் இரண்டிலும் இந்த மாடல் நிறையக் கிடைக்கும். போய்வரும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பழையதை வாங்கும்போது முன்பக்க பளபளப்பைப் பார்க்காமல் திருப்பிப் போட்டு உட்பக்கத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் உருக்கி ஒட்டிய தழும்பு, வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு, ஓரக் காதுகளில் பசை, இவையெல்லாம் பின்னால்தான் தெரியும். பட்டி போட்டிருக்கிறதா என்று காந்தத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது, பிளாஸ்டிக்கில் காந்தம் எங்கேயும் ஒட்டாது. அதற்குப் பதில் இரு கையாலும் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். பட்டி இருக்கும் இடத்தில் பெயிண்ட் முடிபோல விரிசல் விடும்.

டூப்ளிகேட் பம்பர் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் மோசமில்லை, ஆனால் காதுகள்தான் அதன் பலவீனம். கம்பெனி பம்பரின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் எழுத்து அச்சாகியிருக்கும்: பிபி என்று தொடங்கி இ என்ற எழுத்தும் சேர்ந்து வரும். பாலிபுரோப்பிலினோடு ரப்பர் தன்மையுள்ள பொருள் கலந்தது என்பது அதன் பொருள். அந்தக் கலப்பால்தான் லேசாக இடித்தாலும் அமுங்கி மீள்கிறது. கலப்பு குறைந்த மலிவுச் சரக்கு கையில் எடுத்தாலே விறைப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். மூலைக் காதை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் எடுக்கலாம், 'டிக்' என்று சத்தம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள். இன்னொரு சோதனை: பம்பரைத் தரையில் நிமிர்த்தி வைத்து எட்ட நின்று பாருங்கள். இரு மூலையும் ஒரே உயரத்தில் தரையிலிருந்து எழ வேண்டும். முறுக்கிக்கொண்ட பம்பரை வெந்நீர் ஊற்றி நேராக்கலாம் என்று சொல்வார்கள். சின்னக் கோணலுக்கு அது சரி, நடுவில் முறுக்கினதற்குச் சரிவராது.

கழற்றும் வேலை இரண்டு பேருக்கு அரைமணி நேரம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள், வாய்க்கால் கரைச் சரிவில் வேண்டாம். ஏர்பேக் உள்ள மாடல் என்றால் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். மஞ்சள் நிற கனெக்டர் எங்கே கண்ணில் பட்டாலும் அது ஏர்பேக் வரிசை, கை வைக்க வேண்டாம். பானட்டைத் திறந்தால் கிரில்லின் மேல்விளிம்பில் கிளிப் வரிசை தெரியும். அதன் நடுமுள்ளைச் சின்ன திருப்புளியால் தூக்கிவிட்டுத்தான் உடலை இழுக்க வேண்டும், முள் மேலே வராமல் இழுத்தால் பம்பர் ஓட்டை கிழியும். அடுத்து முன் சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, வீல் ஆர்ச் உள்ளே லைனிங்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை ஸ்டார் திருப்புளியால் எடுங்கள். பம்பர் மூலையும் ஃபெண்டரும் சேரும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ கீழிருந்து மேலாகவோ உள்ளிருந்து வெளியாகவோ ஒளிந்திருக்கும். இதை மறந்துவிட்டு இழுப்பதால்தான் பாதி ஃபெண்டர்கள் வளைகின்றன. கடைசியில் அடிப்பக்க கிளிப்புகள். எல்லாம் வந்த பிறகு மூலையை உள்ளங்கையால் பிடித்து, வண்டியின் முன்பக்கமாக இல்லாமல் வெளிப்பக்கமாக இழுத்தால் தாங்கியிலிருந்து 'டப்' என்று விடுபடும். மற்றவர் எதிர் மூலையைத் தாங்க வேண்டும். ஃபாக் லைட் இருந்தால் வயரைக் கழற்றாமல் பம்பரை முன்னால் நகர்த்தாதீர்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டி என்றால் இந்த இடத்தில் பொறுமை வேண்டும். உப்புக் காற்றில் 10ம் நம்பர் தலை போல்ட்களும், தகட்டில் செருகியிருக்கும் நட் கிளிப்புகளும் சேர்ந்தே துருப்பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் திரவத்தை அடித்து விட்டுவிடுங்கள். போல்ட் தலை சுற்றிக்கொண்டே இருந்தால் நட் கிளிப் அதோடு சேர்ந்து சுற்றுகிறது. பின்னால் பிளையரால் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், வேகமாகச் சுற்றினால் தகடு பிய்யும். மாட்டும்போது புது நட் கிளிப் போட்டு மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

இனி இந்த முழு வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன் பம்பரை முழுதாக மாட்டிப் பாருங்கள். கிரில், ஃபாக் சட்டம், நம்பர் பிளேட் தட்டு, எல்லா ஸ்க்ரூவும், எல்லா கிளிப்பும் சேர்த்து. பட்டறைகளில் நேரம் மிச்சப்படுத்த பம்பரை வாங்கியவுடன் பெயிண்டுக்கு அனுப்பிவிட்டு, காய்ந்த பிறகு மாட்டுவார்கள். அப்போது மூலை மூன்று மில்லிமீட்டர் வெளியே நின்றால் என்ன செய்வார்கள்? ஓட்டையை இழுப்பார்கள், புதுப் பெயிண்ட் விளிம்பில் சிராய்ப்பார்கள், ஒரு ஸ்க்ரூவை மேலிருந்து போட்டு இறுக்குவார்கள். அந்த ஸ்க்ரூ தலை வண்டி இருக்கும் வரை கண்ணை உறுத்தும். பெயிண்ட் இல்லாதபோது மாட்டினால் காதை அரைமில்லிமீட்டர் ராவலாம், தாங்கியை நகர்த்தலாம், வேண்டாம் என்றால் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். பெயிண்ட் அடித்ததை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.

மாட்டிப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது? பானட்டை மூடி, நேர் எதிரே குந்தி உட்கார்ந்து பாருங்கள், நின்று பார்த்தால் தெரியாது. பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வலதிலும் இடதிலும் ஒரே அளவாக ஓட வேண்டும், ஒரு முனையில் விரிந்து மறுமுனையில் ஒட்டக் கூடாது. மூலையில் பம்பரும் ஃபெண்டரும் சேரும் கோட்டில் விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கக் கூடாது. வேறுபாடு இருந்தால் பம்பரைக் குறை சொல்லுமுன் வண்டியை அளவெடுங்கள்: ஹெட்லைட்டின் வெளி மூலையிலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை இரு பக்கமும் டேப் பிடியுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஃபெண்டரோ ஹெட்லைட் தாங்கியோ முந்தைய இடியில் நகர்ந்திருக்கிறது. மாடு இடித்த வண்டியில் இது சகஜம். மாடு பம்பரைக் கிழிப்பதோடு நிற்காது, பானட்டையும் ஃபெண்டர் மேல்முனையையும் சேர்த்துப் பின்னால் தள்ளும். ஃபெண்டரின் போல்ட்களைத் தளர்த்தி, போல்ட் ஓட்டையில் இருக்கும் சிறு இடைவெளிக்குள் முன்னால் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொரு நுணுக்கம் நம் ஊர் வெயிலுக்கே உரியது. ஸ்விஃப்டின் அகலம் 1695 மில்லிமீட்டர். பம்பர் பிளாஸ்டிக் வெப்பத்தில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். விடியற்காலைக்கும் சித்திரை மதிய வெயிலுக்கும் பம்பரின் சூடு 30 டிகிரி ஏறினால் அந்த அகலத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் விரிவு வரும், வண்டியின் இரும்புக்கு அரை மில்லிமீட்டர்தான். காலையில் இடைவெளி சற்றும் விடாமல் இறுக்கினால் மதியம் நடுப்பகுதி வீங்கி அலையாக நிற்கும். மதியக் கொதிப்பில் அளவு வைத்தால் காலையில் மூலையில் சந்து விழும். நிழலில், காலை ஒன்பது மணிக்குள் அளவு வையுங்கள். காது ஓட்டைகள் நீள்வட்டமாக இருப்பது இந்த விரிவுக்காகத்தான். நடு கிளிப்புகளை முதலில் போட்டு, பிறகு மூலைகளைப் போடுங்கள். மூலை ஸ்க்ரூக்களைக் கையால் இறுக்கும் அளவுக்கு மேல் முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் வழுக்கி நகர இடம் வேண்டும்.

ரேடியேட்டரின் இரு பக்கமும் காற்றை உள்ளே செலுத்தும் பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். பழைய பம்பரோடு வரும், புது பம்பரில் மாட்ட மறந்துவிடுவார்கள். இல்லாவிட்டாலும் வண்டி ஓடும், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும்போது, என்ஜின் அறையின் சூடான காற்றே சுற்றி வந்து திரும்ப ரேடியேட்டருக்குள் போகும். ஏசி குளிர்ச்சி குறையும், என்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி மேலே ஏறும். "பம்பர் மாத்தினதிலேர்ந்து ஏசி சரியில்லை" என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இதோடு, புது பம்பரின் கீழ்வாய்க்குப் பின்னால் ஒரு மெல்லிய உலோக வலையை கேபிள் டையால் கட்டிவிடுங்கள். தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை முடிந்து ரோட்டிலேயே நெல் காயும்போது, பதரும் வைக்கோல் தும்பும் எழுந்து ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்ஸரில் நேரே அப்பும். கண்டென்ஸரின் தகட்டு இடுக்கில் ஒரு சென்டிமீட்டர் நீள வைக்கோல் துண்டு குத்திட்டு நின்றால் அதைச் சுற்றி மண் பிடித்து களிமண் பூச்சாகிவிடும். வலையின் கண் ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதைவிட நெருக்கமாகப் போட்டால் வலையே அடைத்துக்கொள்ளும், கொசுவலைத் துணி கூடவே கூடாது.

வெளியில் வாங்கிய பெரிய ஹாரன் போட்டிருந்தால் கிரில்லின் முதுகில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் கிரில் அதிர்ந்து குறுகுறுவென்று சத்தம் வரும், நாள் பட்டால் முள் உடையும். ஹாரன் தாங்கியைக் கொஞ்சம் வளைத்துக் கீழே இறக்கினால் போதும்.

ஃபாக் லைட். உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்தால் அதே லைட்டைப் புது சட்டத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். புதிதாகப் போடுவதானால் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்துத்தான் போட வேண்டும். இரண்டு 55 வாட் பல்பு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இதை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரே ஓட்டினால் சுவிட்ச் உருகும். நான்கு கால் ரிலேயில் 30ம் கால் பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 87ம் கால் லைட்டுகளுக்கு. 86ம் கால் பார்க்கிங் லைட் வயரிலிருந்து, அப்போதுதான் வண்டியைப் பூட்டிப் போனாலும் ஃபாக் லைட் தனியாக எரிந்து பேட்டரியைக் காலி செய்யாது. 85ம் கால் சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. மெயின் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போதும். எர்த்தைப் பெயிண்ட் சுரண்டிய உடம்புத் தகட்டில் போல்ட் வைத்து இறுக்குங்கள், பம்பரில் இல்லை. மார்கழிப் பனியில் கொள்ளிடக் கரை ரோட்டில் போகிறவர்களுக்கு இது அலங்காரமில்லை, தேவை. ஆனால் லைட் கீழ்நோக்கி இருக்க வேண்டும், எதிர்வண்டிக்காரர் கண்ணில் அடித்தால் பனியைவிட ஆபத்து.

இப்போது பெயிண்ட். அளவு சரியாக வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, பம்பரை மட்டும் தனியாக ஸ்டாண்டில் வைத்து அடிக்க வேண்டும். வண்டியிலேயே வைத்து அடித்தால் மடிப்புகளில் பெயிண்ட் போகாது. புது பம்பரின் மேல் அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு இருக்கும். சோப்பு நீரும் சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட்டும் கொண்டு முழுதும் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பம்பர் கறுப்பு பிளாஸ்டிக்காகவே வந்தால் பிளாஸ்டிக் ஒட்டும் பிரைமர் மெல்லியதாக ஒரு கோட் முதலில். பாலிபுரோப்பிலின் மேல் சாதாரண பிரைமர் ஒட்டாது, இதை விட்டுவிட்டால் முதல் ஹைவே பயணத்தில் கல்பட்ட இடமெல்லாம் தோல் தோலாக உரியும். பம்பர் பெயிண்ட் உரிவதற்கு முக்கால்வாசி காரணம் இந்த ஒரு கோட்டை விட்டுவிடுவதுதான். அதன் மேல் வளையும் தன்மைக்கான கலவை சேர்த்த 2கே பிரைமர் (ஹார்டனர் கலந்து அடிப்பது), காய்ந்தபின் 600 அல்லது 800 வாட்டர் பேப்பர், பிறகு கலர் இரண்டு மூன்று கோட், கிளியர் இரண்டு கோட். கடையிலிருந்தே பிரைமர் அடித்து வந்த பம்பரானால் பிளாஸ்டிக் பிரைமர் தேவையில்லை, தேய்த்துவிட்டு மேலே போகலாம்.

கம்பெனி அந்த நிறத்துக்குக் கொடுத்த கலர் கோட் எண்ணைப் பார்த்து அப்படியே கலந்து அடித்துவிடாதீர்கள். உங்கள் ஃபெண்டர் பத்து வருடத்துக்கு மேல் வெயில் குடித்து நிற்கிறது. அந்த எண் சொல்வது வண்டி வெளிவந்த நாளின் நிறத்தை. சுப்பீரியர் ஒயிட் 26யூ என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. சில்கி சில்வர் போன்ற மெட்டாலிக் என்றால் உள்ளே இருக்கும் அலுமினியத் துகள் எந்தத் தூரத்திலிருந்து, எந்தக் காற்றழுத்தத்தில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்தே நிறம் மாறும். ஒரு அட்டையில் அடித்து, கிளியரும் போட்டுக் காயவைத்து, ஃபெண்டரில் வைத்து வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். நேரே பார்க்கும்போது பொருந்தி, சாய்ந்து பார்க்கும்போது கறுத்தால் திரும்பக் கலக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேலையை வைக்காமல் இருந்தால் நல்லது. வடகிழக்குப் பருவமழையில் காற்றில் ஈரம் ஏறி நிற்கும்போது வேகமாகக் காயும் தின்னர் போட்டால் ஈரம் பெயிண்ட்டுக்குள் சிக்கி வெள்ளைப் புகைபோல மங்கும். அந்த மாதங்களில் செய்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாகக் காயும் தின்னரும் சூடேற்றும் வசதியும் உள்ள பெயிண்ட் பூத்துக்கு (மூடிய பெயிண்ட் அறைக்கு) வண்டியைக் கொண்டுபோங்கள். சூடேற்றுவது 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. நடுவில் தாங்காமல் இரு முனையில் மட்டும் தொங்கவிட்டால் அந்தச் சூட்டில் பம்பர் தொய்ந்துவிடும். பெயிண்ட் முடிந்து குறைந்தது ஒரு நாள் கழித்து மாட்டுங்கள், ஒரு வாரம் பிரஷர் வாட்டர் வேண்டாம், ஒரு மாதம் பாலிஷ் வேண்டாம்.

நம்பர் பிளேட்டுக்குப் புது பம்பரில் ஓட்டை இல்லாமல் வரலாம். பானட் எம்பளத்திலிருந்து நூல் விட்டு நடுவைக் குறித்து, மாஸ்கிங் டேப்பின் மேல் ஓட்டை போடுங்கள், பெயிண்ட் சிதறாது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் வரும் உயர்பாதுகாப்பு பிளேட் உங்கள் வண்டிக்கும் போட்டிருந்தால் அதன் பூட்டு கழற்றினால் உடையும், மறுபடி பயன்படாது. அதை மாட்டித் தரும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

ஹெட்லைட்டைத் தளர்த்தியிருந்தால் கடைசியில் ஒளியைச் சரிபார்க்கவும். சமதளத்தில் சுவருக்கு எதிரே பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஹெட்லைட் நடு உயரத்தைச் சுவரில் குறியுங்கள். டிப்பில் ஒளியின் மேல்கோடு அந்தக் குறிக்கு சுமார் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்பீர்கள். மாடு இடித்ததற்குக் கிளெய்ம் போடுவதானால் பம்பரைக் கழற்றுமுன் கம்பெனிக்குச் சொல்லி, அவர்கள் அனுப்பும் சர்வேயர் சேதத்தைப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள், தேய்மானமில்லாப் பாலிசி எடுத்திருந்தால் கழிக்க மாட்டார்கள். 2012 பம்பரின் தொகையைத்தான் அவர்கள் கணக்கில் எடுப்பார்கள். புதுமுகத்துக்கான கிரில், ஃபாக் சட்டம் உங்கள் கைச்செலவு. பில்லில் இரண்டையும் தனித்தனி வரியாகப் போடச் சொல்லுங்கள், கலந்து போட்டால் மொத்தமும் இழுபறியாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ம் பிரிவு தடுப்பது ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படியான மாற்றத்தை. அதே கம்பெனியின் அதே தலைமுறை பம்பர் அந்த வரிசையில் வராது. ஆனால் மாடு இடித்த கோபத்தில் முன்னால் இரும்புக் குழாய் காவல் போட்டுவிடாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்தக் குழாய் மோதலின் வேகத்தை நேரே சேஸிஸுக்கு அனுப்பும், ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பும், எதிரே வரும் சைக்கிள்காரருக்கு இன்னும் மோசம்.

மாட்டி ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வீல் ஆர்ச் ஸ்க்ரூக்களையும் அடி கிளிப்புகளையும் தொட்டுப் பாருங்கள். கிளிப் ஒன்று விழுந்திருந்தால் லைனிங் தொங்கி டயரில் உரசும். முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பும்போது 'சர்ர்' என்று சத்தம் கேட்டால் அதுதான். அன்றே ஒரு புது கிளிப் போட்டுவிடுங்கள்.